வெம்பிளி அண்ணைக்கு எடுத்த கதிரை

சென்ற வெள்ளிக்கிழமை கச்சேரிக்குப் போனவர்கள் நால்வர்: நான், என் கணவர், இளைய மகள் மதுரா, இல்ஃபோர்ட்டிலிருந்து வந்த என் கணவரின் தங்கை. எடுத்த கதிரைகள் ஐந்து. ஐந்தாவது, வெம்பிளியில் இருக்கும் என் அண்ணைக்கு.

என் மூத்த மகள் சாருகா கன்ட்ரி பாடகி. கிற்றாரை மீட்டியபடி ஒரு வாழ்க்கைக் கதையைப் பாடுவதுதான் கன்ட்ரி. சொல்லும் மெட்டும் அவளுடையவையே. பன்னிரண்டு வயதில் அவளுக்குக் கிற்றார் வாங்கிக் கொடுத்தவர் அண்ணைதான். பார்மசி வேலையை விட்டுவிட்டுப் பாடப் போகிறேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டுப் படி மிதிக்காதவரும் அவர்தான். ஒன்பது வருடங்கள். அப்போது மதுச்சாலை மூலையில் பத்துப் பேருக்குப் பாடியவள், இன்று மூன்று இசைத்தட்டுகள் வெளியிட்டு, லண்டனில் தன் பெயரிலேயே இரண்டு கச்சேரி வைக்கிறாள்.

விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு 5.40க்கு நோர்பரியில் ரயில் ஏறினோம். விக்டோரியாவுக்கு இருபது நிமிடம், பிறகு ஒரு கிலோமீற்றர் நடை. போய்வர ஒருவருக்கு எட்டுப் பவுணுக்குள் முடியும். ரிக்கெற் நாற்பத்திரண்டு பவுண். மகள் சும்மா தருகிறேன் என்றாள்; எனக்கு மனம் வரவில்லை.

மண்டப வாசலில் பையைச் சோதித்தவர் நம்மவர். வெள்ளைப் பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"அக்கா, இது திருநீறு எண்டு எனக்குத் தெரியும். என்ரை மனேஜருக்குத் தெரியாதே."

"அவருக்கும் கொஞ்சம் பூசிவிடட்டே?"

"பேசாமல் எல்லாரும் நெத்தியிலை பூசிப்போட்டு உள்ளை போங்கோ."

அப்படியே செய்தோம்.

இரண்டாயிரம் பேர் கொள்ளும் மண்டபம். என் கண்ணுக்கு எட்டியவரை, என் பக்கத்துக் கதிரை மட்டுமே வெறுமையாக இருந்தது.

ரேடியோ கேட்டு நானாகப் பிடித்த இங்கிலீஷ்தான் எனக்கு. ஆனாலும் சாருகா புதுப்பாட்டை முதலில் என் குசினியில் அடுப்புப் பக்கத்தில் நின்றுதான் பாடுவாள். நடுவில் நிறுத்துவாள். நான் "பிறகு?" என்று கேட்டால் பாட்டு உயிர் தப்பியது, கேட்காவிட்டால் கிழித்துப் போடுவாள். இதை மேடைக்கு மேடை சொல்லி, வெள்ளைக்கார ரசிகர்களுக்கும் அந்தச் சொல்லைப் பழக்கிவிட்டாள்.

கடைசிப் பாட்டை நானும் அதுவரை கேட்டதில்லை. ஒரு மாமா கிற்றாரோடு பஸ் ஏறி, அதை ஜன்னலோரம் இருத்திக் கூட்டி வருகிறார். அடுத்த சரணத்தில் அதே மாமா, ஊற்றிய தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போகிறார். அங்கே அவள் கை நின்றது.

"பிறகு?" என்று மண்டபம் முழுவதும் ஒரே குரலில் கேட்டது. நான் பக்கத்துக் கதிரையைப் பார்த்தேன்.

சாருகா எங்கள் வரிசையைப் பார்த்துச் சொன்னாள்: "பிறகு இன்னும் எழுதேல்லை."

அதையே இங்கிலீஷிலும் சொன்னாள். அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் மகளுக்கு, கடவுளே, அத்தனை பேர்.

"உங்கடை அண்ணை இருந்து கேக்கவேண்டிய பாட்டு, மச்சாள்," என்றாள் என் கணவரின் தங்கை.

"ஓம்" என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: விரதக்காரர் வீட்டிலேயே சாப்பிட்டுப் போங்கள், உள்ளே மரக்கறியென்றால் சிப்ஸ் மட்டும்தான். கைப்பை சிறிதாக இருக்கட்டும். திருநீற்றை நெற்றியில் கொண்டு போங்கள், பொட்டலத்தில் வேண்டாம்.

அண்ணை, நான் எழுதுவதை நீங்கள் வாசிப்பதாக அண்ணி சொன்னார். இரண்டாவது கச்சேரி வருகிற வெள்ளி, அதே மண்டபம், இரவு 7.30. வெம்பிளியில் ஜூபிலி ரயில் ஏறி கிறீன் பார்க்கில் மாறினால் விக்டோரியா ஒரே ஒரு தரிப்பு. உங்கள் ரிக்கெற் என்னிடம் இருக்கிறது. வருவீர்களா? புதன்கிழமைக்குள் சொல்லுங்கள்.