ஷோகேஸில் நின்ற அண்ணன்

ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் புதுச் சட்டை போட்டு நிற்கிறதே பொம்மை, அதற்கு முகம் செய்வதுதான் அவளுடைய வேலை. களிமண்ணில் அவள் தலை பிடிப்பாள். வார்ப்புக்காரர்கள் அதில் அச்சு எடுத்து ஃபைபரில் ஊற்றுவார்கள். ஊரில் பாதிக் கடைகளில் நிற்பவை அவள் கட்டைவிரலில் பிறந்த முகங்கள். பட்டறை மட்டும் அண்ணன் பெயரில். அப்பா போனபிறகு ஆர்டர் பிடிப்பது அவர், மண்ணில் கிடப்பது இவள்.

அண்ணன் லேசுப்பட்ட ஆள் இல்லை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டன்வரை. வீட்டிலேயே அவரைச் சட்டையில்லாமல் யாரும் பார்த்ததில்லை. குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று அண்ணியைத்தான் கேட்க வேண்டும். காதோரத்து நாலு முடியை வழுக்கைமேல் இழுத்து ஒட்டிக்கொண்டுதான் வாசலுக்கே வருவார். அழுக்குப் படும் என்று களிமண் அறையில் கால் வைக்க மாட்டார். அந்த மனிதர் ஒருநாள் பத்திரிகையில் வந்தார், அவள் செய்த தலைமேல் கை வைத்துச் சிரித்துக்கொண்டு. ஒவ்வொரு முகத்தையும் தானே செய்வதாகப் பேட்டி வேறு. போய்க் கேட்டாள். "ஒரே வீட்டுல யார் செஞ்சா என்ன?" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார்.

அன்றோடு அவள் கை மூடிக்கொண்டது. மண்ணைப் பிசைந்து கம்பியில் ஏற்றிவிட்டு அதன் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். ஒன்றும் வராது. வந்தாலோ அதைவிட மோசம். யாரோ ஒரு முகமாகத்தான் தொடங்கும். போகப்போகத் தாடை அகலும், மூக்கு நுனி தொங்கும், பார்த்தால் அண்ணன் உட்கார்ந்திருப்பார். ஓங்கி ஒரு குத்து விட்டு நசுக்குவாள். மறுபடி பிடித்தால் மறுபடி அண்ணன். பத்திரிகைப் படங்களைப் பார்த்துச் செய்தாள், அண்ணன். புது முகம் கிடைக்குமென்று பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனை முறைத்துப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டாள். திரும்பி வந்து மண்ணில் கை வைத்தால், அண்ணன். வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

இந்த நேரம் பார்த்துப் பெரிய ஜவுளிக்கடை புதுக் கட்டடத்துக்குப் புதிய ஆண் முகம் ஒன்று கேட்டது. அவளால் முடியவில்லையென்றால் ரெடிமேட் அச்சு வாங்கிக்கொள்வதாகவும், களிமண் அறையைக் கோடவுன் ஆக்கிவிடுவதாகவும் அண்ணன் சொல்லியனுப்பினார். பெயரைத்தான் பிடுங்கினார், இப்போது இடத்தையும் பிடுங்கப் பார்க்கிறார்.

அவள் கணவர் பஸ் ஓட்டுபவர். மச்சானைப் பற்றி வாய் திறக்காதவர் அன்று சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்: "உன் மண்டைக்குள்ள உங்கண்ணன் வாடகை குடுக்காம குடியிருக்காரு. நசுக்க நசுக்கத் திரும்பி வராரு. ஒரு தடவை முழுசா செஞ்சு வெளியே அனுப்பிடேன்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுரீர் என்றது.

மறுநாள் அவள் நசுக்கவில்லை. வா, வந்து உட்கார் என்று விட்டுவிட்டாள். தாடை, மூக்கு, பொய் சொல்லும்போது ஒரு பக்கம் ஏறும் உதடு, சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்ததில் மண்டையில் விழுந்த பள்ளம் வரைக்கும், ஒன்று விடாமல் வந்தது. கை அப்படி ஓடி எத்தனை காலமாயிற்று! வார்ப்புக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் யாரும் மூச்சு விடவில்லை. அவர்களுக்கும் அண்ணன்மேல் பாசம் வழிந்தோடவில்லை.

திறப்பு விழாவில் கோட்டும் விக்கும் மாட்டி வரிசையாக நின்ற பொம்மைகளைப் பார்த்து அண்ணனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. முதுகில் தட்டிக்கொடுத்தவர்களிடம் எல்லாம் தன் கைவேலை என்றே சொன்னார். அவள் அவசரப்படவில்லை. கடையில் துணி மாற்றும் நாள் வரும், எங்கே போகிறது?

வந்தது. பழைய துணியைக் கழற்றிவிட்டார்கள், புதுச் சரக்கு ஏற்றிய வண்டி வந்து சேரவில்லை. கண்ணாடிக்குள் அண்ணன்கள் வரிசையாக, துணியில்லாமல், விக் இல்லாமல், மண்டைப் பள்ளத்தோடு நின்றார்கள். வெளியே கூட்டம். எதிர் டீக்கடையில் அவள். பார்க்கப் பார்க்க வயிறு குளிர்ந்தது. அடுத்த ஆர்டர் பேச வந்த அண்ணன், வாசலிலேயே நின்றுவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

கடை முதலாளி வெளியே வந்து, பொம்மையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க மூஞ்சியையே செஞ்சு நிறுத்தியிருக்கீங்களே சார். உங்க மேல உங்களுக்கு அவ்வளவு ஆசையா?"

கூட்டம் சிரித்தது. அண்ணனின் கை தானாக வழுக்கைக்குப் போனது. "இதை நான் செய்யலை" என்றார். பேப்பரில் எல்லாம் தானே செய்வதாகச் சொன்னாரே என்று முதலாளி இழுத்தார். அதற்குள் அவள் தெருவைக் கடந்து வந்துவிட்டாள். அண்ணன் அவளைக் காட்டினார். "இவதான் செஞ்சா."

"இதை மட்டுமாண்ணா?"

அவர் உதடு ஒரு பக்கம் ஏறப் பார்த்தது. கண்ணாடிக்குள் அத்தனை உதடுகளும் ஏறியே இருந்தன.

"எல்லாத்தையும் இவதான் செஞ்சா."

"பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கலை. சத்தமா சொல்லுங்கண்ணா."

சொன்னார். சொல்லிவிட்டுக் கழுத்துப் பட்டனைத் தடவிக்கொண்டே நடந்தார்.

வேறு முகம் சீக்கிரம் செய்து தர முடியுமா என்று முதலாளி இனி அவளிடம்தான் கேட்க வேண்டியிருந்தது, கேட்டார். கை வரவில்லை, நாளாகும் என்று சொன்னாள்.

மறுநாள் காலை மண்ணில் கை வைத்தாள். யாரென்றே தெரியாத ஒரு முகம், பிசிறில்லாமல் ஒரே மூச்சில் வந்தது. ஈரத்துணியால் அதை நன்றாக மூடி, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுத்த துணி மாற்றும் நாளும் அண்ணன்களோடே போகட்டும் என்றிருந்தாள். அதற்கடுத்ததும்.