அவருடைய சத்தமில்லாத ஜெபம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தெரணியகலைப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பருப்பில் கல் கிடந்தால் பேசாமல் பொறுக்கிப் போட எனக்குத் தெரியாது. கடைக்குப் போய், நாலு பேர் நிற்கும்போது, "கல்லுக்குத் தனி விலையா முதலாளி, இல்ல பருப்போட சேத்துத்தானா?" என்று நல்ல சிங்களத்தில் கேட்பேன். ஆட்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கிறது, பொய் சொல்லி என்ன.

என் கணவர் நேர்மாறு. ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். என்னைக் கட்டுவதற்காகத்தான் ஞானஸ்நானம் எடுத்தார். நானோ உபதேசியார் மகள், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள். ஜெபிக்கத் தொடங்கினால் மூச்சு விடாமல் போவேன்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் ஒவ்வொரு வீடாகச் சுற்றி வரும். எந்த வீட்டில் கூடுகிறோமோ, அந்த வீட்டு ஆண் கடைசியாக ஜெபித்து முடிக்க வேண்டும். கல்யாணமான புதிதில் எங்கள் முறை வந்தது. வெளியே நல்ல மழை. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, அந்த நாளுக்கு வேலைக் கணக்கில் பேர் விழாது, சம்பளமும் இல்லை. அவர் எழுந்து, தோட்டத்து ஆபீஸ் வாசலில் நிற்பது மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டார்.

"சாமி, விடாம மழைங்க. மரமெல்லாம் நனைஞ்சு கெடக்கு. எங்களுக்கு அரைப் பேராவது போட்டுக் குடுங்க சாமி."

கண்ணை மூடியபடியே நான், "ஆண்டவர் எந்த டிவிஷன் கணக்கப்பிள்ளைங்க?" என்றேன். பேர் போடுகிறவர் கணக்கப்பிள்ளை அல்லவா. வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆமென் சொல்லி உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அவர் வாய்விட்டு ஜெபிக்கவே இல்லை. எங்கள் முறை வந்தால், முடிக்கும் நேரம் பார்த்துத் தேத்தண்ணி போட எழுந்து போய்விடுவார். நான் முடித்து வைப்பேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மகளுக்குக் கடும் காய்ச்சல் கண்ட ஒரு நாள், தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் பாயருகே குனிந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இருமுவது போல் நடித்தார். இந்த மனிதர் ஆண்டவரோடு பேசுவதை என்னிடமிருந்து ஒளித்துக்கொண்டிருந்தார், ஏதோ கெட்ட பழக்கம் போல.

திருத்திக்கொள்ளப் பார்த்தேன். லெந்து காலத்தில் எல்லாரும் மீனையும் இறைச்சியையும் விடும்போது, நான் குத்தல் பேச்சை விடுவதாகப் பொருத்தனை பண்ணினேன். முதல் நாள் காலைத் தேத்தண்ணியோடு அது போயிற்று. மன்னிப்புக் கேட்கலாம் என்று போனால், "பெரிய மனசு பண்ணி மன்னிச்சுக்கங்க, இனிமே நீங்க ஜெபிக்கிறப்ப நான் குடை புடிக்கிறேன்" என்று வந்தது. கேட்ட மன்னிப்பிலும் முள். அவர், "சரி, விடு புள்ள" என்றார். நாவை அடக்குவது பற்றி வேதத்தில் வருவதை அந்த ஞாயிறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

போன வருடம் அவருக்குக் குடலிறக்கம் என்று ஆபரேஷனுக்கு எழுதினார்கள். பஸ் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். காலையில் தியேட்டருக்குக் கொண்டுபோகுமுன் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருக்க விட்டார்கள். பச்சைச் சட்டையில் அவர் இளைத்துப்போன மாதிரி இருந்தார்.

"நீ ஜெபம் பண்ணு" என்றார்.

"நீங்க பண்ணுங்க. நான் ஆமென் சொல்றேன்."

கொஞ்சம் யோசித்தார். "வேணாம். நீ சிரிப்ப."

கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்வது போலத்தான் சொன்னார். கத்திக்குப் போகிற மனிதர், கத்தியைவிட என் சிரிப்புக்குப் பயந்தார். "இங்க சிரிச்சா நர்ஸ் மிஸ்ஸி வெரட்டிருவாங்க" என்று பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நல்ல பதில்தான். அதை விழுங்கினேன். வெறும் ஒரு வார்த்தையை விழுங்க அவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியாது.

"சிரிக்க மாட்டேங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை. எதற்காக நம்ப வேண்டும்? வேறு வழி தெரியாமல் உண்மையைச் சொன்னேன். "நீங்க ஜெபிக்கிறதக் கேட்டு எவ்வளவோ காலமாச்சு. எனக்குக் கேக்கணும் போல இருக்கு."

என் முகத்தையே பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்கள ஐயா மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாமி" என்று நிறுத்தினார். நான் காத்திருந்தேன்.

"எனக்குப் பயமா இருக்கு சாமி. டாக்டர் ஐயா கையப் பாத்துக்கங்க. இவ தனியா வெளிய நிப்பா. காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல. யாரையாவது விட்டு ஒரு டீ வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க சாமி."

ஆமென் என்றேன். கண்ணைத் திறந்ததும் அவர் முதலில் பார்த்தது என் வாயைத்தான். அது சிரிக்கவில்லை, நடுங்கிக்கொண்டிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வேறு. அவர் மிரண்டுபோனார்.

"என்ன புள்ள, தப்பா சொல்லிட்டனா?"

"இல்லங்க" என்றேன். "எல்லாம் சரியாத்தான் சொன்னீங்க."