ஐஸ் அறைக்கு எத்தனை வீடு ஓம்?

“…ஒரு வீடு கூட மாட்டம் எண்டு சொல்லேல்லையே! பிறகென்ன யோசினை உமக்கு? எழுதும் தம்பி, ஊர் முழுக்க ஓம்!”

இரு பக்கமும் வீடுகள் நிறைந்த ஒழுங்கையின் முடிவில் நின்று சம்மாட்டியார் வியர்வையைத் துடைத்தார். எங்கள் கரையில் மூன்று வள்ளங்களுக்குச் சொந்தக்காரர், மீனவர் சங்கத் தலைவரும் அவர்தான். லொறி வராத நாட்களில் பிடித்த மீன் பழுதாகிப் போவதைப் பார்த்துப் பார்த்து, கரைக்கு ஓர் ஐஸ் அறை கேட்டு அலைந்தார். ஊர் வீடுகளில் பாதிக்கு மேல் சம்மதம் என்று காட்டினால் தரலாம் என்று மீன்பிடிக் கந்தோர் அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். கருவாடு போடும் பெண்களுக்கோ வேறு கவலை. மிஞ்சுகிற மீனெல்லாம் ஐஸுக்குள் போய்விட்டால் தாங்கள் எதைக் காயவைப்பது?

பழைய புத்தகமொன்றை வைத்துத் தன்பாட்டில் புள்ளிவிபரம் படித்தவன் நான் என்பதால் வேலை என்னிடம் வந்தது. வீட்டு இலக்கங்களைத் துண்டுகளில் எழுதிப் பால்மா ரின்னில் போட்டுக் குலுக்கி, நூறு வீட்டை எடுத்துக் கேட்டேன். ஐம்பத்தெட்டு வீடு ஓம். ஆனால் ஊர் முழுவதையும் கேட்டால் அது நாற்பத்தெட்டு வீதத்துக்கும் அறுபத்தெட்டு வீதத்துக்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம் என்றேன்.

“இதென்ன மீன் ஏலமே? மேலையும் கீழையும் போறீர்!”

“மீன் நிண்ட இடத்திலைதான் நிக்குது, அண்ணை. நான் எறியிற வலைதான் ஒவ்வொருக்காலும் கொஞ்சம் தள்ளி விழும். இந்த அகலத்திலை எறிஞ்சா, நூறு தரத்துக்குத் தொண்ணூற்றஞ்சு தரமளவிலை மீன் உள்ளுக்கை அம்பிடும்.”

“அப்ப பாதியும் உள்ளுக்கையெல்லோ கிடக்கு! பாதிக்கு மேலை எண்டு நான் எப்பிடிக் கந்தோரிலை சொல்லுறது? வலையைச் சின்னனாக்கும்.”

“அகலத்தை அரைவாசியாக்க, நாலு மடங்கு வீடு கேக்கவேணும்.”

“நாலு மடங்கோ! சரி, நானும் வாறன். கெதியா முடிச்சிடலாம்.”

அப்படித்தான், மறுபடி குலுக்கி எடுத்த துண்டுகளோடு, அன்று காலை இருவருமாக அந்த ஒழுங்கைக்குள் இறங்கினோம். அவர் முன்னால், நான் பின்னால். வேலிப் படலைக்குப் படலை “ஓம் சம்மாட்டியார்” என்றார்கள். கடைசி வீட்டுப் பெண் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே, கேள்வி முடியுமுன் “ஓம் ஓம்” என்றாள். அவளுடைய கணவன் இவருடைய வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவன்.

“அண்ணை, நீங்கள் வாசல்லை நிண்டா ஆர் மாட்டன் எண்டுவினம்?” என்றேன். “உந்த ஓமை நான் கணக்கிலை எடுக்கேலாது. உப்பிடி எத்தினை வீடு கேட்டாலும் வலை சின்னனாகும்தான். ஆனா மீனில்லாத இடத்திலையெல்லோ விழும்.”

அவர் என்னைப் பார்த்தார். திரும்பி ஒழுங்கையைப் பார்த்தார். பிறகு கடைசி வீட்டுப் படலைக்கே திரும்பிப் போனார்.

“பிள்ளை, தம்பி பிறகொருநாள் தனிய வருவார். மனசிலை கிடக்கிறதைச் சொல்லு. என்ன சொன்னாலும் உன்ரை மனுசன் நாளைக்கும் என்ரை வள்ளத்திலைதான்.”

அவள் கருவாட்டை விட்டு நிமிர்ந்தாள். “பிறகேன்? இப்பவே கேக்கிறன். எங்களுக்குக் கருவாட்டு மீனுக்கு என்ன வழி, சம்மாட்டியார்?”

சம்மாட்டியார் படலையைத் திறந்து உள்ளே போய், கவிழ்த்து வைத்திருந்த ஓலைக் கடகத்தின் மேல் உட்கார்ந்தார்.