மயக்கம் பிடிக்காத அண்ணை

அண்ணையின் நுரையீரலில் ஒரு கட்டி இருந்தது. புற்றுநோயா, காசமா என்று அறிய மூச்சுக்குழாய்க்குள் கமரா விட்டு ஒரு துண்டு எடுக்கவேண்டும். துண்டு இல்லாமல் மருந்து தொடங்க முடியாது. அவரோ இருமி இருமி இரத்தம் துப்பிக்கொண்டிருந்தார்.

முதல் முறை துண்டு எடுபடவில்லை. வெளியே வாங்குப் பலகையில் இருந்த எனக்கும் அண்ணையின் மனைவி மச்சாளுக்கும் அவர் குளறிக் கத்தியது கேட்டது. தொண்டைக்குள் குழாயோடு ஒரு மனிதன் அப்படிக் குளற முடியும் என்று எனக்குத் தெரியாது. பிறகு வைத்தியர் வந்தார். இளம் பெண்பிள்ளை. கையில் அண்ணையின் நகக்கீறல்.

"மிடசோலமும் பென்ரனிலும் குடுத்தனாங்கள். ஒண்டு நித்திரையாக்கும், மற்றது நோவையும் இருமலையும் அடக்கும். கனபேருக்கு அது காணும். இவருக்குக் கூட்டிக் கூட்டிக் குடுத்தும் பிடிக்கேல்லை. இன்னும் குடுத்தால் மூச்சு நிண்டிடும். ஒட்சிசன் இறங்கினதாலை விட்டிட்டம். இவர் குடிக்கிறவரோ, அம்மா?"

"ஐயோ, இல்லை டொக்டர். அண்டைக்கும் சொன்னனான். நாங்கள் சபை ஆக்கள்," என்றார் மச்சாள்.

நான் வாய் திறக்கமுதல் அந்தப் பிள்ளையை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அண்ணை தினமும் குடிப்பார். சாமான் அறைக்குள் பூட்டிக்கொண்டு குடிப்பார். பருத்தித்துறையில் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் தெரியும். அவரிடம் காணிக்கைத் தட்டைக் கொடுக்கிற சபைக்கும் தெரியும். எங்கள் ஆட்களிடையே குடிக்கலாம், சொல்லக்கூடாது. வைத்தியருக்குக்கூட.

அன்று பின்னேரம் போதகர் ஆஸ்பத்திரி வாட்டுக்கு வந்தார். "அடுத்தமுறை மயக்கம் நல்லாய்ப் பிடிக்கவேணும் எண்டு செபிப்பம்," என்றார். போர்வைக்குள் அண்ணையின் கை நடுங்கியது. குளிர் என்றார் மச்சாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அவர் குடிக்கிறது ஆண்டவருக்குத் தெரியும். டொக்டருக்குத்தான் தெரியாது. அங்கை போய்ச் சொல்லுங்கோ."

போதகர் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார்.

"உனக்கு வெக்கமில்லையோ? எங்கடை பெட்டைக்குச் சம்பந்தம் பேசுறம்," என்று சீறினார் மச்சாள்.

"பேசுங்கோ. தேப்பனை மண்ணுக்கை தாட்டுப்போட்டுப் பேசுங்கோ."

கொடூரமான சொல்தான். வேறு சொல் எனக்கு வரவில்லை.

மறுநாள் காலை அந்த வைத்தியர் கட்டிலடிக்கு வந்தபோது எல்லோர் முன்னாலும் சொன்னேன். "இவர் குடிக்கிறவர், டொக்டர். ஒவ்வொரு நாளும்."

"பொய்!" என்றார் மச்சாள்.

வைத்தியர் அண்ணையின் நடுங்கும் கையைப் பிடித்தார். "ஐயா?"

அண்ணை மச்சாளைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். "ஓம், பிள்ளை. சாராயம். அரைப் போத்தல்."

"நாங்கள் கேக்கிறது உங்களைக் குறை பேச இல்லை, ஐயா," என்று அந்தப் பிள்ளை கிட்டத்தட்டக் கத்தினாள். குடித்துப் பழகிய உடம்புக்கு மிடசோலம் இலேசில் பிடிக்காதாம். முதலில் குடி நின்றதால் வந்த நடுக்கத்துக்கு வைத்தியம். பிறகு மயக்க மருந்து வைத்தியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு மருந்து: புறொப்போபோலும் கொஞ்சம் கெற்றமினும்.

"அப்ப அதுதானே நல்ல மருந்து? முதலே குடுத்திருக்கலாமே?" என்றேன்.

"எல்லாருக்கும் நல்லது எண்டு ஒண்டில்லை, அக்கா. அதுக்கு ஆளும் சாமானும் கூட வேணும். புறொப்போபோல் கொஞ்சம் கூடினாலும் பிறசர் விழும், மூச்சும் நிண்டிடும். இவரின்ரை நுரையீரலுக்கு அதுவும் பயம்தான்."

இரண்டாம் முறை உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. அது அந்தக் குளறலைவிட மோசம். மச்சாள் வாங்கின் மற்ற முனையில் இருந்தார். அண்ணை செத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

கண் விழித்ததும் அண்ணை கேட்டார். "துண்டு எடுத்திட்டினமோ?"

"ஓம் அண்ணை, எடுத்திட்டினம்."

மச்சாள் அவர் வாயைத் துடைத்துவிட்டார்.

புற்றுநோய் என்று முடிவு வந்தது. மருந்து ஏற்றுகிறார்கள். நோய் அதற்குக் கேட்குமா என்று ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை. மச்சாள் என்னோடு கதைப்பதில்லை. கதைக்காவிட்டால் போகட்டும்.