மொட்டைக்கு முன் நனைத்த தலை

ஒன்பதாம் வகுப்புக்குப் போகப்போகிற பெண் ஒருத்தி என் நாற்காலியில் உட்கார்ந்து, "நக்கோ அங்கிள், வேண்டாம், ப்ளீஸ்" என்று அழுதாள். அவள் அம்மா பக்கத்தில் நின்று, "அடிங்க அண்ணாச்சி, மொட்டைதான்" என்றார். கத்தி என் கையில் இருந்தது.

எண்பதுகளில், ஹைதராபாத் பக்கம் மௌலா அலியில் தொழிற்சாலை ஊழியர் காலனிக் கடைவரிசையில் ஒரு சலூனில் வேலை பார்த்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவன். பயம் எனக்குக் கூடப்பிறந்தது. துடைத்த கத்தியையே திரும்பத் துடைப்பேன். அழுகிற தலையில் கத்தி வைப்பது என்றால் இன்னொரு தடவையும் துடைப்பேன்.

பெண்ணின் பெயர் சுகுணா. அப்பா தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர். மாதம் தவறாமல் எங்களிடம் ஒட்ட வெட்டிக்கொள்கிறவர். அன்றும் அதற்காகத்தான் வந்து, பெஞ்சில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏற்கெனவே திருப்பதியில ரெண்டு தடவ எடுத்தாச்சு" என்றார் அம்மா. திருநெல்வேலிக்காரர். "காதுக்குக் கீழ வளரவே மாட்டேங்கு. இன்னொரு தடவ எடுத்தா நேராயிரும்லா?"

"பள்ளிக்கூடத்துல எல்லாம் சிரிப்பாங்க" என்றாள் சுகுணா.

"இப்ப மட்டும் சிரிக்காமலா இருக்காவ? சும்மா இரிட்டி."

மொட்டைக்கு முன் தலையை நன்றாக நனைத்து, விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் கத்தி இழுக்கும். அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்ததால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. தண்ணீர் உடனே இறங்கியது. பின்கழுத்தில் ஒரு கற்றையை விரலால் நீவினேன். அது நீண்டுகொண்டே போய்த் தோளைத் தாண்டியது. விட்டேன். சரேலென்று காதுக்கே ஏறிக்கொண்டது.

வளராத முடி இல்லை இது. வளர்ந்து, சுருண்டு, உள்ளேயே ஒளிந்திருக்கிற முடி.

கத்தியை வைத்துவிட்டுத் தலையை வகிர்ந்து பார்த்தேன். பின்கழுத்தில் பேனாவுக்குள் இருக்கிற ஸ்பிரிங் மாதிரி சின்னச் சின்னச் சுருள். நெற்றிப் பக்கம் விரல் நுழைகிற வளையம். உச்சியில் சுருளே இல்லை. ஒவ்வொரு மயிரும் கம்பியை மடித்து மடித்து விட்டதுபோல் கோணல்மாணலாகப் போனது. ஒரே தலையில் மூன்று போக்கு. நான் சுருட்டை என்றால் சுருட்டை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உச்சியில்தான் அதிகம் ஒடிந்திருந்தது.

"எதைப் போட்டும்மா சீவுறீங்க?"

"பேன்சீப்புதான். காலையில பஸ்ஸுக்கு முன்னால எண்ணெயத் தேச்சு, உச்சியில இருந்து இழுத்துச் சீவிக் கிளிப்புக் குத்துனாத்தான் அடங்குது."

யாதகிரி, என் முதலாளி, அடுத்த நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார். "கைக்கு சோச்ரா ரே? ஜல்தி கர்!" யோசிக்காமல் சீக்கிரம் முடி என்கிறார்.

முதலாளியிடமும் பயம், அந்த அம்மாவிடமும் பயம். ஆனால் எடுத்த முடியைத் திரும்ப ஒட்ட முடியாது என்கிற பயம் பெரிதாக இருந்தது. "அம்மா, மழிச்சாலும் இதேதான் வரும்" என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"ஒமக்கு எப்படித் தெரியும்?"

என் கண் பெஞ்சில் இருந்த ஸ்டோர்கீப்பர் பக்கம் போனது. மாதாமாதம் நான் மெஷின் போடுகிற பிடரி. மெஷினுக்கு முன் அதில் மிளகைக் கொட்டியதுபோல் சின்னச் சுருள்கள் நிற்கும். எத்தனை வருஷமாக வெட்டுகிறேன், ஒருநாளும் நேராக வந்ததில்லை. சொல்லலாமா? வழக்கமாக வருகிறவர், கோபித்துக்கொண்டால்?

நான் வாய் திறக்குமுன் பேப்பர் கீழே இறங்கியது.

"அவரு சொல்றது சரிதான் கோமு" என்றார் ஸ்டோர்கீப்பர். "நான் எதுக்கு ஒரு மாசம்கூட விடாம வெட்டிக்கிடுதேன்னு நெனச்ச?"

"ஆபீசுக்கு நீட்டா இருக்கணும்னு."

"வளந்தா என் தலையும் அவ தலை மாதிரிதான் நிக்கும். பள்ளிக்கூடத்துல என்னயத் தேங்காத் தும்புன்னுதான் கூப்பிடுவானுவ."

சுகுணா மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினாள். "என்னை கொப்பரி பீச்சுன்னு கூப்பிடறாங்கப்பா."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

அம்மா பெஞ்சுக்குப் போய்ப் புருஷன் தலையில் கை வைத்துத் தடவினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்போதுதான் தொட்டுப் பார்க்கிறவர் மாதிரி முகம். பிறகு என்னிடம் வந்து, கொஞ்சம் கடுப்பாகவே, "பெறவு எப்படித்தான் சீவணும், அதையாவது சொல்லும்" என்றார்.

ஈரத்தோடு, அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து மேலே போகவேண்டும் என்று காட்டினேன். உச்சிக்கு விரலே போதும். முதல் சிக்கு எடுக்கும்போது சுகுணா கண்ணை இறுக்கி மூடினாள். வலிக்கவில்லை என்றதும் திறந்தாள்.

"வாங்க சார்" என்று நாற்காலியைத் தட்டினேன்.

அவர் பேப்பரை மடித்தார். மகளைப் பார்த்தார். "எனக்கும் இந்த மாசம் வேண்டாம்."

இரண்டு தலையும் போச்சே என்று யாதகிரி அன்று முழுக்க முணுமுணுத்தார். அதற்குப் பிறகு எந்தச் சுருட்டைத் தலை வந்தாலும் நனைத்து ஒருமுறை, காயவிட்டு ஒருமுறை பார்க்காமல் நான் கத்தரியைத் தொட்டதில்லை. இடத்துக்கு இடம் அதன் போக்கு மாறும். ஒவ்வொன்றையும் அதன் வழியில்தான் தொடவேண்டும். இன்னொன்றும் கேட்பேன்: உங்கள் வீட்டில் வேறு யாருக்கு இந்த முடி? பெரும்பாலும் யாருக்குமே இல்லை என்பார்கள். அப்போது உடன் வந்தவரின் பிடரியைப் பார்ப்பேன்.