கொடி பிடித்த கை

அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் பசைக்கை. அண்ணி வைத்த பெயர். விரல் நுனியெல்லாம் காய்ந்த பசை வெள்ளை வெள்ளையாய் உரியும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினோரு வருடம் பொடித் திருகாணி முடுக்கியவள். கடையை மூடிவிட்டார்கள். ஒரே ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். வேறு வேலை கிடைக்கும்வரை என்று பேச்சு. ஆறு வருடம் ஓடிப்போனது.

அண்ணனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. கட்டைவிரல் உயரத்தில் உலோகப் போர்வீரர்கள், அவர்களை மேசையில் நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடும் பெரிய மனிதர்கள்! உடம்பு தனி, கை தனி, வாள் தனி என்று பொட்டலத்தில் வரும். நாம்தான் ஒட்ட வேண்டும். அண்ணனுக்கு வண்ணம் பூசப் பிடிக்கும், ஒட்டப் பொறுமை கிடையாது. அந்த வேலையை நைசாகத் தங்கையின் தலையில் கட்டினார்.

அவளோ அதில் ராட்சசி. முதலில் ஒவ்வொரு துண்டையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒட்டியிருக்கும் எண்ணெயை எடுப்பாள். தோளிலும் கையிலும் ஊசித் துளை போட்டு, பேப்பர் கிளிப்பை வெட்டி உள்ளே கம்பியாகச் செருகுவாள். பிறகு பல்குத்தும் குச்சியால் ஒரு பொட்டு பசை. மூச்சை அடக்கி அறுபது எண்ணுவாள். அவள் ஒட்டிய வாளைப் பிடித்து ஆளையே தூக்கலாம், கழன்று வராது. அப்படி நூற்று இருபது பேரை ஒட்டியிருந்தாள். பார்த்தவர்களிடமெல்லாம் அண்ணன் "எல்லாம் நானே பண்ணது" என்பார். அவள் தேநீர்த் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

வருடா வருடம் இந்தப் பொம்மை வீரர்களுக்குப் போட்டி நடத்துகிற பொம்மைக் கடைக்காரர் இந்த முறை ஒட்டுகிற வேலைக்கு ஆள் தேடுவதாகக் காதில் விழுந்தது. மாதச் சம்பளம். சொந்தமாக ஒரு அறை எடுத்துக்கொள்ளலாம், தன் தேநீரைத் தானே போட்டுக் குடிக்கலாம். போட்டிக்கு முந்தின நாள் துணிந்து கேட்டுவிட்டாள்.

"அண்ணா, இந்தத் தடவையாவது அவர்கிட்ட சொல்லுங்க. ஒட்டினது நான்னு."

"சொன்னா என்ன, கிரீடமா வைக்கப்போறாங்க?" என்றார் அண்ணன். அதோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அந்தக் கோபத்தில்தான் வினை வந்தது. தளபதியின் கொடி பிடித்த கையை மட்டும் அவள் ஒட்டாமல் விட்டிருந்தாள். மார்புச் சட்டைக்கு நீலம் பூச அது இடைஞ்சல். பூசி முடித்ததும் தன்னிடம் தந்தால் ஒட்டும் இடத்தைச் சுரண்டிவிட்டு ஒட்டித் தருவதாகச் சொல்லியும் இருந்தாள். வீம்புக்கார அண்ணன் தரவில்லை. பூசிய வண்ணத்தின் மேலேயே பசையைக் கொட்டித் தானே ஒட்டிவிட்டார்.

மறுநாள் வீரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளும் போட்டிக் கூடத்துக்குப் போனாள். கடைக்காரர் தளபதியை எடுத்துத் திருப்பினார். டக்கென்று கொடியோடு கை கழன்று மேசையில் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"என்ன சார், தளபதி அதுக்குள்ள சரணடைஞ்சுட்டாரா?"

அண்ணன் காது சிவந்தது. "அது என் தங்கச்சி ஒட்டினது. கை வைக்காதேன்னா கேக்குறாளா?"

ஆறு வருடமாக அந்த வாயிலிருந்து அவள் எதிர்பார்த்த வார்த்தை அது. இப்படியா வரவேண்டும்? பாவி மனுஷன்!

அவள் கழன்று விழுந்த கையை எடுத்துப் பார்த்தாள். அடியில் நீல வண்ணம் தோலாய் உரிந்து வந்திருந்தது. கம்பியே இல்லை.

"இது நான் ஒட்டினதில்ல சார். பெயிண்ட் மேல ஒட்டினா பெயிண்டோட வந்துடும், பாருங்க. நான் ஒட்டினது மத்தது அத்தனையும். எதை வேணா இழுத்துப் பாருங்க."

கடைக்காரர் ஒரு ஈட்டிக்காரனை ஈட்டியைப் பிடித்துத் தூக்கினார், உதறினார். அசையவில்லை. குதிரைக்காரன் ஒருவனின் கேடயத்தை நகத்தால் நெம்பினார். ஊஹூம்.

"பிரமாதம்! இதெல்லாம் யார் சார் ஒட்டினது?"

அண்ணன் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "அதெல்லாம் நான்."

கடைக்காரர் அவளைப் பார்த்து இரக்கமாகச் சிரித்தார். "பரவாயில்லம்மா, தப்பு எல்லாருக்கும் வரும். அதுக்கு அண்ணன் மேல பழி போடலாமா?" பிறகு அண்ணனிடம், "கடைக்கு இப்படி ஒரு கைதான் சார் தேடுறேன். உங்களுக்கு எங்க நேரம் இருக்கப்போகுது!" என்று பெருமூச்சு விட்டார். ஒட்டிக் கொடுக்கப் பத்து நிமிடம் தருவதாகச் சொல்லிவிட்டு அடுத்த மேசைப் பக்கம் திரும்பினார்.

அண்ணன் அவள் பக்கம் சாய்ந்தார். "சீக்கிரம் ஒட்டும்மா."

அவள் கைப்பையைத் திறந்தாள். சுரண்டும் கத்தி, ஊசித் துளைப்பான், கம்பி, பசை என ஒவ்வொன்றாய் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"மத்ததெல்லாம் ஒட்டினவர் நீங்கதானே. இதையும் ஒட்டுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அண்ணன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"அதை அவருக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க அண்ணா. நான் ஒட்டித் தரேன்."

கடைக்காரர் நான்கடி தூரத்தில்தான் நின்றார். அண்ணன் அவரைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். பிறகு பசையின் மூடியைத் திருகி, அந்த நீல வண்ணத்தின் மேலேயே மறுபடியும் ஒரு சொட்டு விட்டார்.