தலையணைப் பதில்களை எழுதியவர்

எங்கள் தெருவில் மெத்தைக் கடை வைத்திருப்பவர் எதையும் எளிதில் மாற்றாத மனிதர். கடைப் பலகையில் தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கம் உதிர்ந்துபோனபோதுகூட, "தேவைப்பட்டவன் பத்துத் தடவை முயற்சி பண்ணிப் பாக்கட்டும்" என்று விட்டுவிட்டார். ஆனால் கணினியில் 'புதுப்பிக்கவும்' என்று ஒரு பொத்தான் தெரிந்துவிட்டால் அவர் கை சும்மா இருக்காது.

அவருக்கு ஊரில் எழுத்தாளர் என்ற பெயரும் உண்டு. கடையின் இணையதளத்தில் 'தலையணைப் பதில்கள்' என்று ஒரு பகுதி. தூக்கம் வராதவர்கள் கேள்வி அனுப்புவார்கள். கடைக்காரர் பதில் சொல்வார். 'கணவர் குறட்டை விடுகிறார், என்ன செய்வது?' என்று ஒரு பெண் கேட்டதற்கு, 'அவருக்கு முன்பாகத் தூங்கிவிடுங்கள். குறட்டை என்பது விழித்திருப்பவர்களுக்கு மட்டும் வரும் வியாதி' என்று வந்த பதிலை மெத்தை வாங்காதவர்களும் மேற்கோள் காட்டினார்கள்.

பதில்களை எழுதியது அவர் அல்ல. கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் அவருடைய மாமியார். தன் பெயரில் எழுத அந்த அம்மாளுக்கு விருப்பமில்லை. "என் பேரைப் போட்டா இருமலுக்கும் மருந்து கேப்பாங்க" என்பது காரணம். மருமகன் பெயரில் எழுதுவது அவருக்குப் பிடித்தும் இருந்தது. 'மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தேன்' என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிப்பார். மருமகனுக்கு மீசை கிடையாது. அவர் முறையிட்டபோது, பதில்களுக்கு மீசை தேவைப்படுகிறது என்று மாமியார் சொல்லிவிட்டார்.

இந்த நிலையில் வணிகர் சங்கம் கடைக்காரரை 'எழுத்தாள வணிகர்' என்று பாராட்டிச் சான்றிதழ் தர முடிவு செய்தது. விழா மாலையில். மேடையில் பெரிய திரை வைத்து அவருடைய தளத்தையே காட்டப்போகிறார்கள். தான் புதுச் சட்டை போட்டுப் போகும்போது தளம் மட்டும் பழைய கோலத்தில் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமுக்குப் புதிய பதிப்பு வந்திருப்பதாகக் காலையில் ஓர் அறிவிப்பு கண்ணில் பட்டது. அழுத்தினார். தளம் வெள்ளையாகிவிட்டது. எழுத்து இல்லை, படம் இல்லை, உள்ளே நுழையும் பக்கம்கூட இல்லை. துவைத்துக் காயப்போட்ட படுக்கை விரிப்பு மாதிரி இருந்தது.

பில் போட்டுக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "சட்டையை மாத்தறீங்க, சரி. அதை ஏங்க மாத்தினீங்க?"

தளத்தை முதலில் அமைத்துக் கொடுத்தவன் மனைவியின் தம்பி. ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். கடைக்காரர் அவனைத் தொலைபேசியில் பிடித்தார்.

"அப்டேட் பண்றதுக்கு முன்னாடி பேக்கப், அதான் சைட்டோட நகல், எடுக்கச் சொன்னேனே அத்தான், எடுத்தீங்களா?"

"எடுக்காம இருப்பேனா மச்சான்?"

"எங்க வெச்சிருக்கீங்க?"

"ஃபிரேம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னாடி மாட்டியிருக்கேன்."

தளம் தெரிந்த கணினித் திரையைக் கைபேசியில் படம் பிடித்து, அச்சிட்டு, கண்ணாடி போட்டிருந்தார். மச்சான் குரலைத் தாழ்த்தி வழி சொன்னான். தளத்துக்கு இடம் தரும் நிறுவனத்தின் பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே ஃபைல் மேனேஜர் இருக்கும். அதற்குள் தீம்கள் இருக்கும் இடத்தில் இந்தத் தீமின் ஃபோல்டரைக் கண்டுபிடித்து, அதன் பெயருக்குப் பின்னால் 'பழசு' என்று சேர்க்க வேண்டும்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பழைய பேர்ல தேடும். கிடைக்காது. கூடவே வந்த சாதா தீமை எடுத்து மாட்டிக்கும்."

"பக்கத்துலயே வேற பேர்ல நிக்கறது அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது அத்தான்."

"நம்ம சங்கச் செயலாளரைவிட மோசமா இருக்கே."

செய்தார். தளம் வந்துவிட்டது. கடவுச்சொல் போட்டு உள்ளேயும் நுழைந்துவிட்டார். தோற்றம் கொஞ்சம் மொட்டையாக இருந்தாலும் எல்லாப் பதில்களும் வரிசையாக நின்றன. மகிழ்ச்சியோடு பக்கத்தைக் கீழே இறக்கிக்கொண்டே போனவர் நின்றார். ஒவ்வொரு பதிலுக்கும் அடியில், 'எழுதியவர்: மாமியார்.'

"மச்சான், இது என்ன கூத்து?"

"அம்மாவுக்குக் கணக்கு திறந்தப்போ அந்தப் பேர்தான் குடுத்தேன். உங்க சைட், உங்க மாமியார். பழைய தீம்ல அந்த வரியை மறைச்சு வெச்சிருந்தேன். சாதா தீம்ல அது தெரியுது."

"இப்பவே மறைச்சுடு."

"மேனேஜர் வர்றார் அத்தான். வீட்டுக்குப் போய்ப் பண்றேன்." வைத்துவிட்டான்.

அவன் வீட்டுக்குப் போவதற்குள் விழா முடிந்துவிடும். வெள்ளைத் திரை என்றால் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று சொல்லிச் சமாளிக்கலாம். 'மாமியார்' என்பதை எந்தக் கோளாறில் சேர்ப்பது? கடைக்காரர் ஒரு தேநீர் குடித்தபடி யோசித்தார். பிறகு 'பழசு' என்பதை அழித்தார். பட்டியலில் அந்தக் கெட்டுப்போன தீமையே தேடித் தேர்ந்தெடுத்தார். காலையெல்லாம் பாடுபட்டு மீட்ட தளத்தைத் தன் கையாலேயே திரும்ப வெள்ளையாக்கிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்தார்.

மாமியார் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு இறங்கி வந்தார். "என் பதிலெல்லாம் எங்க மாப்பிள்ளை?"

"பத்திரமா இருக்கு அத்தை. தெரியலை, அவ்வளவுதான்."

"பேரை மறைக்கறதுக்கு வீட்டையே இடிப்பீங்களா?"

"மேடையில எனக்கு என்ன மரியாதை அத்தை இருக்கும்?"

"எனக்கு மட்டும்? இருமல்காரங்க வரிசையில நிப்பாங்க."

அப்போது சங்கச் செயலாளரின் அழைப்பு வந்தது. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

"நாங்க எல்லாரும் பாத்துட்டோம் சார்."

சாய்ந்திருந்த கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன பாத்தீங்க?"

"உங்க பெருந்தன்மையை. விருது வாங்கற நாள் பாத்து, உண்மையில எழுதினவங்க பேரை ஒவ்வொண்ணுக்கும் கீழ போட்டீங்களே! நான்லாம் மாமியாருக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்றதில்லை."

"மனசு கேக்கலை" என்றார் கடைக்காரர்.

"ஆனா இப்ப வெள்ளையா இருக்கே?"

"அதுவா... பெருந்தன்மையை ரொம்ப வெளிய காட்டக் கூடாதுன்னு கொஞ்சம் மறைச்சு வெச்சேன்."

"சேச்சே, காட்டுங்க சார். அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

ஃபோல்டர் மூன்றாவது முறையாகப் பெயர் மாறியது. தளம் மொட்டையாக, உண்மையாக, திரும்ப எழுந்தது. மாமியார் சலித்துக்கொண்டே நல்ல புடவையாகத் தேடப் போனார்.

மாலையில் மேடைக்கு இருவரும் போனார்கள். ஒரே ஒரு சிக்கல். சான்றிதழ் முன்பே அச்சாகியிருந்தது, கடைக்காரரின் பெயரோடு, பொன்னிற எழுத்தில். வேறொன்று அச்சடிக்க நேரமில்லை. செயலாளர் நீலப் பேனாவை எடுத்து, பொன்னிறப் பெயருக்குப் பக்கத்தில் 'அவர்களின் மாமியார்' என்று பொடியாக எழுதி மாமியார் கையில் கொடுத்துவிட்டார்.

யார் வீட்டுச் சுவரில் அதை மாட்டுவது என்ற பேச்சு திரும்பும் வழியில் ஆரம்பித்தது. இந்த வரியை நான் எழுதும் வரை முடியவில்லை.

"கண்ணுக்குத் தெரியறது என் பேர்தானே அத்தை?"

"தெரியறது நீங்க. குடுத்தது எனக்கு."

"அப்ப ஒண்ணு பண்ணுவோம். கடையில மாட்டுவோம், நீங்க தினமும் வந்து பாத்துக்குங்க."

"மாடியில மாட்டுவோம். நீங்க ஏறி வாங்க. வரும்போது அந்த இருமல்காரங்க யாராவது நின்னா, கீழேயே பதில் சொல்லி அனுப்பிடுங்க, மாப்பிள்ளை."